எஸ்பிரெஸ்ஸோ ஏன் புளிக்கிறது? தூத்துக்குடிக் கரையிலிருந்து ஒரு காபி வரலாறு

வீட்டுக்கு எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏன் இப்படிப் புளிக்குது?" பால் சேர்க்காமல் ஒரு வாய் குடித்தால் எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி முகம் சுருங்கும். கொட்டை சரியில்லை என்பார் ஒருவர், மெஷின் சரியில்லை என்பார் இன்னொருவர். இரண்டு மாதத்தில் மெஷின் பரணுக்குப் போய்விடும். பத்தாயிரம் ரூபாய் பரணில் தூங்குவதைப் பார்த்தால் காமர்ஸ் படிக்கிற எனக்கு மனசு கேட்காது :-)

இந்தக் கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்த கொட்டையைத்தானே நம் ஆச்சிகளும் அம்மாக்களும் இத்தனை வருஷமாகப் பில்டரில் போடுகிறார்கள்? அது ஏன் புளிப்பதில்லை?

விடை தேடிப் போனால் அது சமையலறையில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. நம் பில்டர் காபிக்குப் புளிப்பு வராமல் காக்கும் காவலர்கள் ஐந்து பேர்: கறுத்த வறுவல், ரோபஸ்டா, சிக்கரி, நேரம், பால். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நாம் எஸ்பிரெஸ்ஸோ போடும்போது ஐந்து பேரையும் ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பிவிடுகிறோம். பிறகு புளிக்காமல் என்ன செய்யும்?

முதலில் கொஞ்சம் அறிவியல்

காபிக் கொட்டையில் அமிலங்கள் உண்டு. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம், ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலம் எல்லாம் அதில் இருக்கின்றன. வெந்நீர் தூளுக்குள் போகும்போது எல்லாம் ஒரே நேரத்தில் கரைவதில்லை. புளிப்பு முதலில் இறங்கும். அதன் பிறகு இனிப்பும் மணமும். கசப்பு கடைசியில். பாதியிலேயே நிறுத்திவிட்டால் கோப்பையில் புளிப்புதான் மிஞ்சும். ரொம்ப நேரம் இழுத்தால் கசப்பு மேலே வந்துவிடும்.

தூளின் எடையில் எத்தனை சதவீதம் தண்ணீரில் இறங்கினால் காபி ருசியாக இருக்கும் என்று 1950களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற வேதியியலாளர் ஆராய்ந்தார். அவர் வழியில் வந்த கணக்குதான் இன்றும் புழங்குகிறது: 18 முதல் 22 சதவீதம். அதற்குக் கீழே போனால் புளிப்பு, மேலே போனால் கசப்பு. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

புளிப்பு நமக்குப் புதிதா?

வேடிக்கை என்னவென்றால், காபி வருவதற்கு முன் தமிழ்நாட்டில் பல வீடுகளின் காலைப் பானமே புளிப்புதான். நீராகாரம். ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் உப்புப் போட்டுக் குடிப்பது. காபி வந்து அந்த இடத்தைப் பிடித்தபோது பெரியவர்கள் பலர் சும்மா இருக்கவில்லை. காபி உடம்பைக் கெடுக்கிறது, பழக்கத்தைக் கெடுக்கிறது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறையப் புலம்பல்கள். இந்தக் கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி தன் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் ஆராய்ந்திருக்கிறார். படிக்காதவர்கள் அவசியம் தேடிப் படியுங்கள்.

ஆக, புளிப்பை விட்டுவிட்டுக் கசப்புக்கு மாறிய நாக்கு நம்முடையது. நூறு வருஷம் கழித்து அதே காபியில் புளிப்பு திரும்பி வந்தால், "கெட்டுப் போச்சு" என்றுதான் முதலில் தோன்றும்.

தூத்துக்குடிக்கும் காபிக்கும் என்ன சம்பந்தம்?

தூத்துக்குடி என்றதும் முத்து, உப்பு, மக்ரூன், வ.உ.சி. என்றுதான் ஞாபகம் வரும். ஆனால் காபி வரலாற்றிலும் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு.

1830களுக்குப் பிறகு இலங்கையின் மலைகளில் ஆங்கிலேயர்கள் பெரிய அளவில் காபி பயிரிட்டார்கள். அங்கே காடழித்துச் செடி நட்டுப் பழம் பறித்தவர்கள் பெரும்பாலும் நம் தென்மாவட்டங்களிலிருந்து போன ஏழைகள். ராமேசுவரம் பக்கமிருந்து மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாகக் கண்டி மலைக்கு நடந்தே போனவர்கள் ஏராளம். காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போவது இன்னொரு வழி.

1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி, அங்கிருந்து கப்பலில் கொழும்பு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கும் வரை போட் மெயில் ஓடிய பாதை இதுதான். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்ததும் இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில் இருந்த ஆங்கிலேயக் கம்பெனியின் ஆதிக்கத்தை உடைக்கத்தான்.

அன்றைக்குத் துறைமுகத்தில் கடல் ஆழமில்லை. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரம் போட, தோணிகளில்தான் சரக்கு போய் வரும். அரிசியும் ஆடுமாடும் இலங்கைக்குப் போயின. பஞ்சு, வாசனைப் பொருள்களோடு நம் மலைகளில் விளைந்த காபியும் ஏற்றுமதியானது. வரவு செலவாக எழுதிப் பார்த்தால் இப்படி வரும்: இங்கிருந்து போனது அரிசியும் ஆட்களும். அங்கே விளைந்த காபி போனது லண்டனுக்கு.

இலையில் வந்த துரு

1869இல் இலங்கைக் காபிச் செடிகளின் இலைகளில் ஆரஞ்சு நிறப் பொடி படிவதைக் கண்டுபிடித்தார்கள். இலைத்துரு நோய். ஒரு வகைப் பூஞ்சை. இருபது வருஷத்துக்குள் இலங்கையின் காபித் தொழிலே படுத்துவிட்டது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. இன்றைக்கு "சிலோன் டீ" என்று உலகம் குடிப்பதற்குப் பின்னால் இந்தத் துருதான் இருக்கிறது. ஆட்கள் மாறவில்லை. அதே தமிழ்த் தொழிலாளர்கள் காபிக்குப் பதில் கொழுந்து பறித்தார்கள்.

நோய் இந்தியாவையும், டச்சுக்காரர்களின் ஜாவாவையும் விடவில்லை. அராபிகாச் செடிகள் விழுந்தபோது நோயைத் தாங்கும் வேறு வகையைத் தேடினார்கள். ஆப்பிரிக்காவின் காங்கோப் பகுதியைச் சேர்ந்த ரோபஸ்டா 1900 வாக்கில் ஜாவாவுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுக்கும் வந்தது. பேரே 'திடமானது' என்று அர்த்தம் தருகிற செடி. கசப்பு கூடுதல், காஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, நாக்குக்குத் தெரியும் புளிப்பு ரொம்பக் குறைவு. இன்றைக்கு இந்தியாவில் விளையும் காபியில் சுமார் 70 சதவீதம் ரோபஸ்டாதான்.

இரண்டாவது காவலர் இப்படித்தான் வேலைக்கு வந்தார். ஒரு நோயும், அது அழித்த தோட்டங்களும் இல்லாவிட்டால் நம் காபியின் ருசி வேறாக இருந்திருக்கும்.

மற்ற நான்கு பேர்

கறுத்த வறுவல்: கொட்டையை வறுக்க வறுக்க அதன் அமிலங்கள் சிதையும். நம் காபித்தூள் கடைகளில் வறுபடும் மணம் தெருமுனை வரை வரும் அல்லவா, அப்போது புளிப்பும் புகையோடு போய்க்கொண்டிருக்கிறது.

சிக்கரி: இது ஒரு செடியின் வேர். 1806இல் நெப்போலியன் ஆங்கிலேய வணிகத்தைத் தடுக்க ஐரோப்பியத் துறைமுகங்களை மூடியபோது காபிக்குத் தட்டுப்பாடு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சிக்கரியை வறுத்துக் காபியில் கலக்கும் பழக்கம் அப்போது பெரிதாகப் பரவியது. நம் ஊரில் இப்போதுள்ள விதிப்படி காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சிக்கரி சேர்ந்தால் டிகாக்‌ஷன் கெட்டியாகும், கசப்பும் லேசான இனிப்பும் கூடும். அந்த அளவுக்குக் காபியின் புளிப்பு பின்னால் போய்விடும்.

நேரம்: பில்டரில் வெந்நீரை ஊற்றிவிட்டு மூடிவைத்தால் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கக் கால் மணி, அரை மணி ஆகும். ஆக, நீர் சாவகாசமாகத் தூளிலிருந்து புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் கீழே இறங்குகிறது.

பால்: இவரைப் பற்றி விளக்கவே வேண்டாம்.

இத்தாலிக்காரர்கள் செய்தது

எஸ்பிரெஸ்ஸோவின் கதை நேரத்தை மிச்சம் பிடிப்பதில் தொடங்கியது. கடைக்கு வருகிறவர்களுக்குச் சீக்கிரம் காபி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். 1884இல் டூரின் நகரத்தில் ஆஞ்செலோ மொரியொண்டோ நீராவியால் காபி போடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901இல் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்ஸெரா அதை மேம்படுத்தினார். அவருடைய வடிவமைப்பை வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தவர் தெசிதேரியோ பவோனி. இந்த இயந்திரங்களில் நீராவி அழுத்தம் தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் அளவுக்கு மீறிச் சுடும். காபி கருகிக் கசக்கும். அப்போது எஸ்பிரெஸ்ஸோ மேல் இருந்த புகார் புளிப்பு அல்ல, கசப்பு!

அகீல்லே காஜா 1938இல் வேறு வழியை யோசித்தார். போருக்குப் பின் 1948இல் அவருடைய நெம்புகோல் இயந்திரம் சந்தைக்கு வந்தது. கைப்பிடியை இழுத்துவிட்டால் சுருள்வில்லின் விசை தண்ணீரை அழுத்தும். நீராவி தேவையில்லை, ஆகவே கொதிநிலைக்குக் கீழே இருக்கும் தண்ணீரிலேயே அதிக அழுத்தம் கிடைத்தது. காபியின் மேல் பொன்னிற நுரை முதன்முதலில் வந்தது அப்போதுதான். 1961இல் ஃபேமா நிறுவனத்தின் இ61 இயந்திரம் கையின் வேலையை மோட்டார் பம்பிடம் கொடுத்தது. இன்றைக்கு எல்லோரும் சொல்லும் 9 பார் அழுத்தம், 25–30 விநாடி என்ற கணக்கு இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

பில்டர் அரை மணி நேரத்தில் செய்யும் வேலையை எஸ்பிரெஸ்ஸோ அரை நிமிஷத்தில் செய்கிறது. நேரத்தின் இடத்தில் அழுத்தத்தையும் நைஸான தூளையும் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேலை பாதியில் நிற்கும். பாதியில் நின்றால் புளிப்பு.

இத்தாலிக்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். கொட்டையை நன்றாக வறுத்து, கலவையில் ரோபஸ்டாவையும் சேர்த்தார்கள். ரோபஸ்டா சேர்ந்தால் நுரையும் கெட்டியாக நிற்கும். இந்தியக் காபியை வெகுகாலமாக அதிகம் வாங்கும் நாடு இத்தாலிதான். நம் மலை ரோபஸ்டா ஆயிரக்கணக்கான மைல் போய் இத்தாலிக் கோப்பையில் காவல் காக்கிறது. நம் வீட்டு மெஷினில் மட்டும் அவருக்கு இடமில்லை.

(நம் கல்யாண வீடுகளில் சீறிக்கொண்டு நுரை தள்ளும் "எக்ஸ்பிரஸோ காபி" தனிக் கதை. அது பாலில் இன்ஸ்டன்ட் தூள் போட்டு நீராவி விடுவது. மேலே சாக்லேட் பொடி. எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கும் இத்தாலிக்கும் பெயர் மட்டும்தான் சொந்தம்.)

1996க்குப் பிறகு வந்த புளிப்பு

இந்தப் பகுதி எங்கள் பாடத்தோடு சம்பந்தப்பட்டது, ஆகவே கொஞ்சம் உற்சாகமாகவே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஏற்றுமதிச் சந்தை அடைபட்டபோது இந்தியக் காபி விவசாயிகளைக் காப்பாற்ற அரசு 1942இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விவசாயிகள் தங்கள் காபியைக் காபி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். வாரியம் தரம் பிரித்து, எல்லோருடையதையும் ஒன்றாகச் சேர்த்து விற்று, பணத்தைப் பகிர்ந்து தரும். விலை விழும்போது இது பெரிய பாதுகாப்பு. ஆனால் ஒரு தோட்டத்துக்காரர் எவ்வளவு கவனமாக விளைவித்தாலும் அவர் கொட்டை பொதுக் குவியலில் கலந்துவிடும். தோட்டத்தின் பெயருக்குத் தனி விலை கிடையாது.

நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது எடுத்தவர் பாடு. (1961க்குப் பிறகு தூத்துக்குடியில் அந்தப் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை.) காபி வாங்குகிறவர் நிலையும் ஏறக்குறைய அதுதான். தரம் தெரியும், எந்தத் தோட்டம் என்று தெரியாது.

1992இல் கட்டுப்பாடு தளர ஆரம்பித்து 1996இல் முழுதாக நீங்கியது. விவசாயி யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அதே 1996இல்தான் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் முதல் கஃபே காபி டே திறந்தது. 2010களில் தனித்தோட்டக் காபியை இளவறுவலாக வறுத்து, வறுத்த தேதி அச்சிட்டு வீட்டுக்கே அனுப்பும் சிறு நிறுவனங்கள் நிறைய வந்தன. தோட்டத்தின் தனி ருசி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இளவறுவல். ஆனால் அந்தத் தனி ருசியில் பெரும்பங்கு அமிலம்தான்!

ஆக, இப்போது வீட்டு மெஷினுக்குள் என்ன போகிறது என்று பாருங்கள். நூறு சதவீதம் அராபிகா. இளவறுவல். சிக்கரி இல்லை. பால் இல்லை. நேரம் 30 விநாடி. ஐந்து காவலர்களும் அவுட்.

சரி, எப்படிச் சரிசெய்வது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

1. முதலில் கடிகாரம் பாருங்கள். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும். 12 விநாடியில் குழாய்த் தண்ணீர் மாதிரி கொட்டினால் தூள் பெருவெட்டாக இருக்கிறது. நம் ஊரில் இதுதான் முதல் குற்றவாளி. கடையில் அரைத்துத் தருவது பில்டருக்கான பருவெட்டு. "இன்னும் நைஸா" என்று கேட்டு வாங்குங்கள். மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவு, பாதி ரவை என்று வரும். சின்ன கை கிரைண்டர் நல்லது.

2. தூள் சரியாக இருந்தும் புளித்தால், கொஞ்சம் அதிகம் இறக்குங்கள். 36 கிராமுக்குப் பதில் 45 கிராம். பின்னால் வரும் இனிப்பும் கசப்பும் சேர்ந்து சமன் செய்யும். ஷாட் நீண்டால் காபி கொஞ்சம் லேசாகும், அவ்வளவுதான்.

3. சூடு. விளக்கு எரிந்தவுடன் போடாதீர்கள். தூள் போடும் கைப்பிடிக் கிண்ணத்தை மெஷினிலேயே மாட்டி 15 நிமிஷம் சூடாக விடுங்கள். வெறும் தண்ணீரை ஒருமுறை ஓட விடுங்கள். ஆறிப்போன இரும்பு தண்ணீரின் சூட்டைக் குடித்துவிடும். தேவை 90 முதல் 96 டிகிரி.

4. தண்ணீர். இது தூத்துக்குடிக்காரர்களுக்கு விசேஷம். போர் தண்ணி உப்பு என்பதால் பல வீடுகளில் கேன் தண்ணி, இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணி. தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் உப்புகள்தான் அமிலத்தைக் கொஞ்சம் அடக்கும். ஆர்.ஓ. அதையும் எடுத்துவிடுகிறது. ஆர்.ஓ. தண்ணியில் வடிகட்டிய தாமிரபரணித் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். போர் தண்ணியை மட்டும் மெஷினில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே உப்புப் படிந்து மெஷினே போய்விடும்.

5. கொட்டை. நேற்று வறுத்த கொட்டையில் வாயு நிறைய இருக்கும், தண்ணீரைத் தூளில் சரியாக ஊற விடாது. ஒரு வாரம் பொறுங்கள். அப்படியும் புளித்தால் நடுவறுவலுக்கும் கறுத்த வறுவலுக்கும் நடுவில் உள்ளதை வாங்குங்கள். காபித்தூள் கடையில் சிக்கரி இல்லாமல் 'பிளாண்டேஷன் ஏ' 70 பங்கு, ரோபஸ்டா 30 பங்கு என்று கேளுங்கள். பிளாண்டேஷன் என்பது பழத்தின் சதையை நீக்கி, தொட்டியில் புளிக்க வைத்துக் கழுவிக் காயவைத்த அராபிகா. சிப்பியை அழுக விட்டுக் கழுவி முத்தெடுத்த மாதிரிதான் இதுவும்! கழுவிய கொட்டையில் அமிலம் பளிச்சென்று தெரியும். ரோபஸ்டா அதைப் பிடித்து உட்கார வைக்கும்.

ஒரு எச்சரிக்கை. புளிப்பு எல்லாமே தவறு இல்லை. காய் மாங்காய்ப் புளிப்பு வேறு, பழுத்த பங்கனப்பள்ளியில் இனிப்போடு ஒட்டி வரும் புளிப்பு வேறு. இரண்டாவது வந்தால் மெஷினை நிறுத்தாமல் ரசித்துக் குடியுங்கள்.

கடைசியாக

"நூறு சதவீதம் அராபிகா" என்று பெருமையாகப் பலகை வைக்கும் கடைகள் நிறைய. ரோபஸ்டா என்றால் மட்டம், சிக்கரி என்றால் கலப்படம் என்ற எண்ணம் என் வகுப்பு நண்பர்களுக்கும் இருக்கிறது. சந்தையும் வெகுநாள் அப்படித்தான் விலை வைத்தது. 2024இல் லண்டன் சந்தையில் ரோபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியபோதுதான் பலருக்கு அந்தக் கொட்டையின் பெயரே காதில் விழுந்தது.

ஆனால் இன்று நாம் மட்டம் என்று ஒதுக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஒரு நெருக்கடிக்குக் கண்டுபிடித்த விடை. இலைத்துருவுக்கு விடை ரோபஸ்டா. தட்டுப்பாட்டுக்கு விடை சிக்கரி. அவசரத்துக்கு விடை எஸ்பிரெஸ்ஸோ. இந்த வரிசையில் பெயர் எழுதப்படாமல் நிற்பவர்கள் மன்னார்க் காட்டில் நடந்தவர்களும், தூத்துக்குடியில் கப்பல் ஏறியவர்களும். காபியைத் தமிழர்கள் ருசித்துக் குடிக்கப் பழகுவதற்கு முன்பே, தமிழர்கள் அதற்காக உழைத்துச் செத்திருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த முறை ஷாட் புளித்தால், கொட்டையைத் திட்டுவதற்கு முன் ஐந்து காவலர்களில் யாரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று யோசியுங்கள். முதலில் தூளை நைஸாக்குங்கள். பத்தில் ஏழு பேருக்கு அதிலேயே சரியாகிவிடும் என்பது என் கணிப்பு. மீதி மூன்று பேர் மேலே சொன்ன வரிசையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், பேசுவோம். பரணில் இருக்கும் மெஷினைக் கீழே இறக்க இது போதும் என்று நம்புகிறேன்.